வழக்குரை பாடும் நாட்டில் மேன்முறையீட்டுக்கு இடமில்லையா?

வைகாசித் திங்கள் வந்துவிட்டால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கண்ணகை அம்மன் கோயில்கள் கதவு திறக்கின்றன. செட்டிபாளையத்திலும், படுவான்கரையிற் கன்னன்குடாவிலும், தெற்கே காரைதீவிலும் தம்பிலுவிலிலும் சடங்கு நடக்கும் அந்நாள்களிற் கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. வேளாண்மை வெட்டிக் களைத்தவனும் உத்தியோகத்திலிருந்து விடுமுறையில் வந்தவனும் அருகருகே இருந்து அதைக் கேட்கின்றனர். அவர்களுக்கு அது வழிபாடு. ஆயினும் சட்டம் படித்தவன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்து கேட்பானாயின், தான் கேட்பது ஒரு குற்றவியல் மேன்முறையீடு என்பதை உணராமல் இருக்க முடியாது.

களவுபோன பொருளை ஒத்த பொருள் ஒன்று கோவலன் கையில் இருந்தது. அது களவுபோன சிலம்பே என்று கூறியவன் பொற்கொல்லன் ஒருவன் மட்டுமே. அவனோ அவ்வழக்கில் தனக்கென ஒரு நலன் உடையவன். பொருளை உடைத்துப் பார்ப்பார் இல்லை. கையில் வைத்திருந்தவனை அழைத்து, 'இது உனக்கு எப்படி வந்தது?' என்று கேட்பாரும் இல்லை. தண்டனை நிறைவேறிய பின்னரே மேன்முறையீட்டுக்காரி மன்றம் ஏறினாள். சிலம்பினுள் இருந்த பரல் முத்தன்று, மாணிக்கம் என்று காட்டினாள். தீர்ப்பு மாறிற்று, ஆனால் எதிரி உயிரோடு இல்லை.

இந்தக் கதையை ஆண்டுதோறும் தெய்வத்தின் முன் வைத்துப் பாடுகின்ற மக்களுடைய கொலை, கொள்ளை வழக்குகளின் மேன்முறையீடுகள் இன்று எங்கே, எம்மொழியில் விசாரிக்கப்படுகின்றன என்பதைப் பற்றியே நாம் எழுத விரும்புகின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். தனித்திருந்த முதியவளைக் கொன்று தாலிக்கொடியை அறுத்துச் செல்பவனுக்கோ, வட்டையில் வாடி காத்துக் கிடந்தவனை வெட்டி நெல் விற்ற பணத்தைக் கொண்டோடுபவனுக்கோ பரிந்து பேச நாம் வரவில்லை. அத்தகைய செயல் நடந்த ஊரில் எழும் ஆத்திரம் நியாயமானது. இறந்தவரின் பிள்ளைகளுக்கு நீதி கிடைக்க வேண்டும். ஆனால், யாரையாவது தண்டித்துவிட்டால் நீதி கிடைத்ததாகாது. செய்தவன் தண்டிக்கப்பட வேண்டும். செய்யாதவனைத் தண்டித்தால், செய்தவன் அதே ஊரின் ஒழுங்கைகளில் அச்சமின்றி நடந்து திரிவான் என்பதை ஆத்திரப்படுவோரும் நினைந்து பார்க்க வேண்டும்.

கொலையும் கொள்ளையும் சேர்ந்த வழக்குகளில் கண்கண்ட சாட்சி பெரும்பாலும் இருப்பதில்லை. கண்டவனைத்தான் கொன்றுவிடுகிறானே! ஆகவே வழக்கு முழுவதும் சிறு சிறு செய்திகளின் மேல் நிற்கின்றது. அடகுக் கடையில் வைக்கப்பட்ட ஒரு சோடித் தோடு. இறந்தவரோடு கடைசியாகக் காணப்பட்டவர் யார் என்பது. துறையிலிருந்து தோணி புறப்பட்ட நேரம். பொலிசாரிடம் எதிரி சொன்னதாகக் கூறப்படும் ஒரு வாக்கியம். அதன்படி கிணற்றடியில் தோண்டி எடுக்கப்பட்ட ஒரு கத்தி. இவை ஒவ்வொன்றும் ஒரு சங்கிலியின் கண்ணி. ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி அறும்.

1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இந்த அபாயத்தை அறிந்தே இயற்றப்பட்டது. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவருக்குச் செய்யப்பட்ட குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக எண்பிக்கலாகாது என்று அதன் 25 ஆம் பிரிவு கூறுகின்றது. ஒப்புதலின் பயனாக ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அக்கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புற்ற பகுதியை மட்டும் 27 ஆம் பிரிவு உள்ளே விடுகின்றது. களவு நடந்து சிறிது காலத்துக்குள் களவுப்பொருளை வைத்திருந்து, அதற்குக் காரணங் காட்ட முடியாதவன், ஒன்றில் கள்வன், அல்லது களவென்று அறிந்தே அதை வாங்கியவன் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என 114 ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டுச் சொல்கின்றது. 'அனுமானிக்கலாம்' என்பதே அங்குள்ள சொல். 'அனுமானிக்க வேண்டும்' என்று சட்டம் சொல்லவில்லை. கள்வன் என்ற அனுமானத்திலிருந்து கொலைஞன் என்ற முடிவுக்குத் தாவுவதற்கு அந்த எடுத்துக்காட்டுத் தானாகவே பாலம் போட்டுக் கொடுக்கவும் இல்லை.

நமது சான்றுச் சட்டத்துக்கு மூலமாக அமைந்தது 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம். அச்சட்டத்தின் கீழ் ராஜஸ்தானத்திலிருந்து எழுந்த சன்வத்கான் வழக்கு 1956 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் உள்ளது. கோயிலொன்றின் மகந்தும் அவரோடு இருந்த ஒருவரும் கொல்லப்பட்டனர். கோயிலிற் களவும் நடந்திருந்தது. களவுபோன பொருள்களிற் சில எதிரிகளிடமிருந்து எடுக்கப்பட்டன. அதற்குமேல் அவர்களைக் கொலையோடு பிணைக்கும் சான்று எதுவும் இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் களவுக் குற்றத்தை நிலைநிறுத்திக் கொலைக் குற்றத்தை நீக்கிற்று. ஐயம் எத்துணை வலிதாயினும் எண்பிப்பின் இடத்தில் அமர முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கொலையும் களவும் ஒரே நிகழ்ச்சியின் இரு கூறுகள் எனப் பிற சான்றுகள் காட்டுமிடத்து அனுமானம் கொலை வரை நீளலாம் என்பதும் சட்டந்தான். எந்த வழக்கு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைச் சாட்சியத்தின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் வேறொரு செய்தியும் நினைவுக்கு வருகின்றது. தனக்கெதிரான சான்று வலிதாக இருக்கும்போதும், விளக்கம் தன் கையிலே இருந்தும், எதிரி வாய் திறவாதிருந்தால் அந்த மௌனத்திலிருந்து முடிவு காணலாம் என்ற கோட்பாடு இலங்கை நீதிமன்றங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. 1814 இல் இலண்டனில் கொக்ரேன் பிரபு மீது நடந்த பங்குச் சந்தை மோசடி வழக்கில் எலன்பரோ பிரபு கூறியது அது. குற்றவாளியாகக் காணப்பட்ட அந்தக் கொக்ரேனுக்கு 1832 இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது என்பதை அக்கோட்பாட்டை எடுத்துக் கூறுவோர் சேர்த்துக் கூறுவதை நாம் அதிகம் கேட்டதில்லை.

இனி, மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் ஒருவன் கொலைக்கும் கொள்ளைக்கும் குற்றவாளியாகக் காணப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தண்டனைச் சட்டக் கோவையின் 296 ஆம் பிரிவின்படி கொலைக்கு மரண தண்டனை. நீதிபதிக்கு வேறு தெரிவு இல்லை. 1976 ஆம் ஆண்டு யூன் மாதத்தின் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மை. ஆனால் தீர்ப்பு மரணமாகவே வாசிக்கப்படுகின்றது. அதைக் கேட்டவன் சிறையில் அந்தப் பெயரோடேயே ஆண்டுகளைக் கழிக்கின்றான். பதினான்கு நாள்களுக்குள் அவன் மேன்முறையீடு செய்யலாம். தீர்ப்பு நியாயமற்றது, சான்றினால் ஆதரிக்கப்பட முடியாதது, சட்டப் பிழையுடையது, அல்லது நீதி பிறழ்ந்தது என்று காட்டினால் அது தள்ளுபடியாகும். 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவை இந்த உரிமையை அளிக்கின்றது. 1938 இல் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைக்கப்படும் வரை, யூரர் தீர்ப்பின் மேல் இத்தகைய பொது உரிமை இலங்கையர்க்கு இருந்ததில்லை என்பதை எண்ணும்போது இவ்வுரிமையின் அருமை விளங்கும்.

ஆனால் உரிமை எங்கே குடியிருக்கிறது? கொழும்பில்!

வேடிக்கை ஒன்றைக் கவனியுங்கள். ஆரையம்பதியில் ஒருவன் சைக்கிளைத் திருடி நீதவான் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டால், அவனுடைய மேன்முறையீட்டை 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் அமைந்த மாகாண மேல் நீதிமன்றம் இங்கேயே விசாரிக்கும். அதே ஊரவன் கொலைக்குத் தண்டிக்கப்பட்டால், அவனுடைய மேன்முறையீடு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணஞ் செய்ய வேண்டும். சைக்கிளுக்கு மட்டக்களப்பு; உயிருக்குக் கொழும்பு. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வேளாண்மை செய்யும் ஒரு தந்தை தன் மகனின் வழக்குக்காக இரவு புகைவண்டி ஏறிச் செல்கிறார், தவணை போடப்படுகிறது, திரும்பி வருகிறார். விதைப்பு நாளில் ஒரு தவணை, வெட்டு நாளில் இன்னொரு தவணை. சட்டத்தரணிக்குக் கொடுப்பதற்குக் காணித் துண்டு ஈடு போகின்றது. கொலையுண்டவரின் குடும்பத்துக்கும் இதே கதிதான். வழக்கு முடிந்ததா, இன்னும் கிடக்கிறதா என்று அவர்கள் யாரைக் கேட்பது?

பயணத்தைவிடப் பெரியது மொழி. மட்டக்களப்பில் வழக்கு தமிழில் நடக்கின்றது. மேன்முறையீடு செல்லும் நீதிமன்றத்தின் மொழி வேறாயின், அம்மொழியிலும் பதிவேடு ஆக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆகவே நூற்றுக்கணக்கான பக்கங்கள் மொழிபெயர்க்கப்பட வேண்டும். அதுவரை எதிரி சிறையில் இருக்க வேண்டும். அப்படி வரும் மொழிபெயர்ப்பு எத்தகையது? தேர்ந்த மொழிபெயர்ப்பாளரை நாம் குறைகூறவில்லை. ஆனால் வாவிக்கரைத் தமிழ் தனித் தமிழ். 'மறுகா' என்று எமது மக்கள் சொல்வது 'பிறகு' என்னும் பொருளில். ஊர்வழக்கு அறியாதவர் அதை 'மறுபடி' என்று கொண்டால், 'பிறகு அவன் வந்தான்' என்பது 'மறுபடியும் அவன் வந்தான்' ஆகிவிடும். ஒருமுறை வந்தவன் இருமுறை வந்தவனாகிறான்! 'ஒள்ளுப்பம் இருட்டு' என்று சாட்சி சொன்னால், அது சிறிது இருட்டு. ஆளை அடையாளங் காணக்கூடிய இருட்டா, காண முடியாத இருட்டா என்பதில் ஒரு மனிதனின் உயிர் தங்கியிருக்கலாம். வட்டை, வாடி, முன்மாரி, எழுவான்கரை என்ற சொற்களைக் கேட்டதும் இடத்தையும் காலத்தையும் தூரத்தையும் மட்டக்களப்பான் கண்முன் காண்கின்றான். தாளிற் பெயர்க்கப்பட்ட சொல் அவற்றைக் காட்டுவதில்லை.

மொழியினால் ஒருவன் எவ்வளவு இழக்கலாம் என்பதற்கு நாம் வெளியே தேடிச் செல்ல வேண்டியதில்லை. கொலை, கொள்ளை வழக்கன்று. ஆயினும் வாவியின் மேற்குக் கரையிலிருந்து மேன்முறையீட்டுக்குப் போய் உலகம் அறிந்ததாகிவிட்ட வழக்கு அது. 1993 ஆம் ஆண்டு யூலை மாதம் 16 ஆம் நாள் நாவற்காட்டில் நடந்த சுற்றிவளைப்பில் நூற்றைம்பது அளவிலான தமிழ் ஆண்களோடு சிங்கராசா என்ற இளைஞரும் பிடிக்கப்பட்டார். தமிழ் மட்டுமே பேசத் தெரிந்தவர். அவர் கூறியதாகச் சொல்லப்பட்ட குற்ற ஒப்புதல் சிங்களத்தில் தட்டெழுதப்பட்டது. பொலிஸ்காரர் ஒருவரே மொழிபெயர்த்தார். இவர் பெருவிரல் அடையாளம் வைத்தார். சாதாரண சட்டத்தில் அந்த ஒப்புதல் வாயிலிலேயே நின்றிருக்கும். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதை உள்ளே அழைத்தது. அது தன்னிச்சையாகத் தரப்பட்டதன்று என எண்பிக்கும் சுமையையும் எதிரியின் தோளிலேயே ஏற்றிற்று. 1995 இல் ஐம்பது ஆண்டுச் சிறை. 1999 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து, தண்டனையை முப்பத்தைந்து ஆண்டாகக் குறைத்தது. 2000 சனவரியில் உயர் நீதிமன்றம் மேன்முறையிட அனுமதி மறுத்தது.

ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004 ஆம் ஆண்டு யூலையில் அவ்வழக்கை ஆராய்ந்து, நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என்று கண்டது. சுதந்திரமான மொழிபெயர்ப்பாளர் இல்லாமையையும், எண்பிப்புச் சுமை எதிரியின் மேல் வைக்கப்பட்டமையையும், மேன்முறையீடு முடியச் சென்ற காலத்தையுங்கூட அது குறையாகக் குறித்தது. 2006 செப்டெம்பரில் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் வழக்கை மீண்டும் திறக்க மறுத்தனர். அக்குழுவின் முன் முறையிட வழிவகுத்த உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்றனர். அரசியலமைப்பு வாதத்தின் நிறைகுறைகளைச் சட்ட அறிஞர் பேசட்டும். நமக்கு எஞ்சும் வினா மிக எளியது. தனக்கு விளங்காத எழுத்தின் கீழ் ஒரு மனிதன் வைத்த பெருவிரல் அடையாளத்தைக் கொழும்பின் இரண்டு மன்றங்களும் பார்த்தன; அதனைச் சொல்லாகவே ஏற்றன. அந்த மன்றம் மட்டக்களப்பில், தமிழில் கூடியிருந்தால், அக்காட்சி இவ்வளவு இலகுவாகக் கண்ணைத் தப்பியிருக்குமா?

உயர்ந்த மன்றமும் தவறும். இந்தியாவில் மகாராட்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்தில், 2003 ஆம் ஆண்டு யூன் மாதத்து இரவொன்றில், குடிசையொன்றில் இருந்த குடும்பத்தின் மேற் பாய்ந்த கும்பல் ஐவரைக் கொன்று, பெண்களை மானபங்கப்படுத்தி, பணத்தையும் நகையையும் கொள்ளையிட்டது. நாடோடிக் குடியைச் சேர்ந்த ஏழைகள் அறுவர் பிடிக்கப்பட்டனர். 2009 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அறுவருக்கும் மரணம் விதித்தது. பின்னர் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. உயிர் தப்பிய பெண் பொலிசாரின் படத்தொகுப்பில் வேறு நால்வரை அடையாளங் காட்டியிருந்தமையும், அவர்களைப் பற்றி எவரும் விசாரியாது விட்டமையும் அப்போது கவனிக்கப்பட்டன. 2019 மார்ச் 5 ஆம் நாள் அதே நீதிமன்றம் அறுவரையும் விடுவித்து, ஆளுக்கு ஐந்து இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கப் பணித்தது. பதினாறு ஆண்டுகள் சென்றிருந்தன. அவர்களில் ஒருவர் கைதானபோது பராயமடையாதவர். அந்த அடையாளங் காட்டல் பதிவேட்டில் எங்கோ ஒரு மூலையில் கிடந்த செய்திதான். பதிவேட்டைப் படிப்பவரின் கண் அங்கே தங்குவதும் தங்காததுமே அறுவரின் உயிராயிற்று.

'நீதிமன்றம் ஊருக்கு வர வேண்டும் என்கிறீர்களே, நடக்கக்கூடியதா?' என்று சிலர் கேட்கலாம். அது முன்னர் நடந்ததே! 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் பழைய முறையை அகற்றும்வரை, உயர் நீதிமன்றத்தின் நீதியரசர்கள் சுற்றுலா வந்து கொலை வழக்குகளை விசாரித்தார்கள். கிழக்குச் சுற்றின் அமர்வு மட்டக்களப்பிற் கூடிற்று. தமிழ் பேசும் யூரர் கூண்டருகே அமர்ந்து, சாட்சியின் முகத்தையும் சொல்லையும் நேரே கண்டு தீர்ப்பளித்தார்கள். பாலமில்லாத துறைகளும் பழுதான வீதிகளும் இருந்த காலத்தில் வர முடிந்த நீதியரசர்கள் இன்று வர முடியாதா?

கொழும்பிலேதான் மூத்த சட்டத்தரணிகளும், சட்ட நூலகமும், சட்டமா அதிபர் திணைக்களமும் உள்ளன என்பார்கள். இதில் உண்மை உண்டு. பெயர்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரின் துணை எதிரிக்குக் கொழும்பில் எளிதிற் கிட்டலாம். ஆனால் பணமில்லாதவனுக்கு அவர் எங்கும் கிட்டுவதில்லை. அரச செலவில் ஒதுக்கப்படும் சட்டத்தரணியே அவனுக்குத் துணை. அந்தச் சட்டத்தரணி தமிழ்ப் பதிவேட்டை மூலத்திலேயே படிக்கவும், சம்பவம் நடந்த துறையையும் வட்டையையும் ஒருமுறை போய்ப் பார்க்கவும் கூடியவராக இருப்பது எவ்வளவு நன்று! பெருந்தொற்றுக் காலத்தின் பின் சிறையிலுள்ள மேன்முறையீட்டாளர் திரையில் தோன்றியே தம் வழக்கைக் கேட்கும் வழக்கமும் வந்திருக்கின்றது. திரை வழியாக எதிரி கொழும்புக்குப் போகலாமாயின், திரை வழியாகக் கொழும்புச் சட்டத்தரணி மட்டக்களப்புக்கும் வரலாம்.

நீதிபதிகள் போதாது என்ற பழைய மறுமொழியும் இனிச் செல்லாது. 2020 இல் இருபதாவது திருத்தம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் தொகையைத் தலைவரோடு பன்னிரண்டிலிருந்து இருபதாக உயர்த்திற்று. மேல் நீதிமன்றத் தீர்ப்பின் மேலான சாதாரண மேன்முறையீட்டை விசாரிக்க இருவர் போதும். ஆண்டில் இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் தமிழறிந்த இரு நீதிபதிகள் என்றால், மட்டக்களப்பு, கல்முனை, திருகோணமலை மேல் நீதிமன்றங்களிலிருந்து செல்லும் மேன்முறையீடுகளில் ஒரு பகுதியையாவது மொழிபெயர்ப்புக்காகக் காத்திராமல் மூலப் பதிவேட்டிலிருந்தே கேட்கலாம். தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் வழக்குகளும் இவற்றுள் அடங்கும். இதில் இருவர் குறையும் ஒன்றே.

இதற்குப் புதிய அரசியலமைப்பு வேண்டியதில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றம் வழமையாகக் கொழும்பிற் கூட வேண்டும், பிரதம நீதியரசர் வேறாகப் பணித்தாலன்றி என்று 146 ஆம் உறுப்புரையே வழி விட்டிருக்கின்றது. கிழக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆண்டுதோறும் நீதி அமைச்சின் செலவு மதிப்பீட்டின்போது எழுந்து பேசுகின்றனர், கட்டடங் கேட்கின்றனர், உத்தியோகத்தர் கேட்கின்றனர். மொழிபெயர்ப்புக்காகக் காத்துக் கிடக்கும் மேன்முறையீடுகள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டாகக் கிடக்கின்றது என்ற கணக்கை அவர்கள் முதலிற் கேட்கட்டும். மட்டக்களப்புச் சட்டத்தரணிகள் சங்கம் அந்தக் கணக்கோடு பிரதம நீதியரசருக்கு விண்ணப்பம் செய்யட்டும். அடுத்த வைகாசியில் வழக்குரை பாடும் நாள்களுக்குள் அவ்விண்ணப்பம் கொழும்பு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.